பி செக்‌ஷனில் ஒரு ஃபெயில்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் கணவர் இதற்கு வயிற்றெரிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் என் பெண் ஆங்கிலத்தில் கொஞ்சம் நாசூக்காக வேறு ஏதோ சொல்வாள். எந்தப் பெயரில் சொன்னால் என்ன, பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த ஒருத்தியைப் பார்த்துப் பத்து வருஷம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வெளியே சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ஒரு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பாலிகஞ்சில் பஜ்பஜ் லோக்கல் ரயில் ஏறி, பிரேஸ் பிரிட்ஜில் இறங்கி, அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஏ பிரிவு என்னுடையது, பி பிரிவு அவளுடையது. இருவருமே தமிழ்க்காரிகள் என்பது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் வேடிக்கை. எங்களைச் சேர்த்து "மாத்ராஜி மிஸ்" என்பார்கள். "எந்த மாத்ராஜி மிஸ்?" என்று கேட்டால், "நல்லா சிரிப்பாங்களே, அவங்க" என்று யாராவது சொல்வார்கள். அது நான் இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் தாத்தா பேங்க் உத்தியோகத்தில் இந்த ஊருக்கு வந்தவர். நான் பாலிகஞ்சிலேயே பிறந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, கணக்கில் எம்.எஸ்ஸி. வாங்கியவள். அவள் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் தமிழில் வங்காளமும் ஹிந்தியும் பக்கத்து வீட்டுத் தெலுங்கும் கலந்து வரும். "அக்கா, தாடாவ், ஒரு நிமிஷம், நானும் வரேன்" என்று பின்னாலேயே ஓடி வருவாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவளுடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். வகுப்பு எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும். என் வகுப்பில் பென்சில் விழுந்தால் கேட்கும். நான் அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

ஆனால் பெற்றோர் கூட்டத்தன்று அவள் மேஜைக்கு முன்னால் வரிசை வராந்தாவரை நீளும். என் மேஜைக்கு வருபவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்ப்பார்கள். சரஸ்வதி பூஜையன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தேங்காய் லட்டு முதலில் அவளுக்குத்தான் போகும். மிஞ்சினால் எனக்கு. ஒரு தரம் என் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றுவலி என்று அழுதாள். நான் குனிந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "பி மிஸ்ஸைக் கூப்பிடுங்க" என்றாள். நான்தான் போய்க் கூப்பிட்டேன். அவள் வந்து அந்தப் பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு, "காலைல என்ன சாப்ட்ட?" என்று வங்காளத்தில் கேட்ட இரண்டாவது நிமிஷம் அழுகை நின்றது. நான் என் வகுப்பறை வாசலிலேயே அந்நியளைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

இதெல்லாம் அன்பு சம்பந்தப்பட்ட விவகாரம், இதில் நான் தோற்றுப்போனால் போகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுத் தேர்விலும் அவள் வகுப்புதான் மேலே வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் மாதம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கே ஜுரம் வந்துவிடும். ஆண்டுத் தேர்வுக்கு நாங்கள் கேள்வித்தாள் தயாரிப்பதில்லை. மண்டல அலுவலகம் ஒரே தாளை அச்சடித்து, முத்திரை வைத்து, தன் கீழுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பும். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண், எந்தப் படிக்கு எத்தனை என்று ஒரு விடைக்குறிப்பும் கூட வரும். திருத்தும்போது வகுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். என் பிள்ளைகளின் தாள்கள் அவளுக்குப் போகும். அவள் பிள்ளைகளின் தாள்கள் எனக்கு வரும். பிறகு தலைமையாசிரியர் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் தேறினார்கள் என்று கம்ப்யூட்டரில் அட்டவணை எடுத்து ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டுவார். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் கையில் கப்போடு அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இந்த மாற்றித் திருத்துவதில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. தேற முப்பத்து மூன்று வேண்டும். ஒரு பிள்ளை முப்பதிலோ முப்பத்து ஒன்றிலோ நின்றுவிட்டால், திருத்துபவர் தாளை மறுபடி புரட்டி, எங்கேயாவது பாதி சரியாகப் போட்ட கணக்கைத் தேடிப் பிடித்து, அரையும் ஒன்றுமாகச் சேர்த்து முப்பத்து மூன்றுக்கு ஏற்றிவிடுவார். ஸ்டாஃப் ரூமில் இதற்கு "தக்கா" என்று பெயர். கிளம்பாத வண்டியைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவது. நீ என் பிள்ளைக்குத் தள்ளு, நான் உன் பிள்ளைக்குத் தள்ளுகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே நடக்கும். விடைக்குறிப்பும் அதற்கு இடம் கொடுக்கும். 'படி சரியாக இருந்தால் மதிப்பெண் தரலாம்' என்றுதான் அதில் இருக்கும். தர வேண்டும் என்று இருக்காது.

முன்பெல்லாம் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பத்து மூன்றுக்குக் கீழே எடுத்தாலும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். அட்டவணையில் மட்டும் ஒரு கறை விழும். பிறகு சட்டம் மாறியது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேறாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் மறுபடி ஒரு வருஷம் என்று ஆயிற்று. இது போன வருஷத்துக் கதை. புது விதியில் வந்த முதல் ஆண்டுத் தேர்வு என்பதால், யார் பிரிவு முழுசாகத் தேறப்போகிறது என்று ஜனவரியிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. பேச்சு முழுவதும் பி பிரிவைப் பற்றித்தான். நான் டிசம்பரிலிருந்தே என் பிள்ளைகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வருஷமாவது அந்த அட்டவணையில் ஏ மேலேயும் பி கீழேயும் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் பிள்ளைகளின் கணக்குத் தாள்கள் முப்பத்தெட்டு என் மேஜைக்கு வந்தன. முப்பத்து ஏழையும் சரியாகத்தான் திருத்தினேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. முப்பத்தெட்டாவது, ஆகஸ்டில் வந்து சேர்ந்த பெண்ணுடையது. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனாலும் அவள் எழுதும் நாலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். நாற்காலியைத் தலைகீழாகப் போட்டதுபோல எழுதுவாள். அப்பாவுக்குச் சக்ரதர்பூரிலிருந்து சாந்த்ராகாச்சி யார்டுக்கு மாற்றல் ஆகியிருந்தது. வீடு மாறியதில் மூன்று மாதம் பள்ளிக்கே போகாமல் இருந்தவள். ஹிந்தி மட்டும்தான் நன்றாக வரும். வந்த நாளிலிருந்து அவள் டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வராந்தாவில் நடப்பாள். தலைப்பைப் பிடித்த அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். பத்து வயதுப் பெண்ணின் கையைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான்.

கூட்டினேன். முப்பத்து ஒன்று. மறுபடி கூட்டினேன். அதேதான்.

தாளைப் புரட்டினேன். வகுத்தல் கணக்கு ஒன்றைச் சரியாகத் தொடங்கி, கழிப்பதில் சறுக்கியிருந்தாள். அந்தத் தொடக்கத்துக்கு ஒன்று தரலாம். செவ்வகத்தின் பரப்பளவுக்குச் சூத்திரத்தைச் சரியாக எழுதி, பெருக்குவதில் தப்பு செய்திருந்தாள். அதற்கும் ஒன்று தரலாம். ஒன்றும் ஒன்றும் இரண்டு. தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டும் கண்ணெதிரே இருந்தன. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். முப்பத்தேழு பேர் தேறியாயிற்று, இவளும் தேறினால் பி பிரிவு முழுசு என்று ஓடிற்று மனசு. மூடியைத் திருப்பிப் போட்டேன். முதல் பக்கத்தில் முப்பத்து ஒன்று என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி கலக்கும்போது கணவர் கேட்டார்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லே. பேப்பர் திருத்தினேன், கண்ணெல்லாம் எரியறது."

"அவ க்ளாஸ் பேப்பரா?"

"ஆமாம்."

"எத்தனை பேர் ஃபெயில்?"

"ஒண்ணு."

அவர் நியூஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நோக்கு சந்தோஷமா இருக்கணுமே" என்றார். நான் பால் பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அட்டவணை ஒட்டப்பட்டது. ஏ பிரிவில் எல்லோரும் தேர்ச்சி. பி பிரிவில் ஒன்று குறைவு. தலைமையாசிரியர் காலை அசெம்பிளியில் என்னை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் அவள்தான். எனக்கு அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. பிறகு வராந்தாவில் அவள் என்னிடம் வந்தாள். வரட்டும், சண்டை போடட்டும் என்று தயாராகத்தான் நின்றேன். பதில்கூட எடுத்து வைத்திருந்தேன். விதி என்றால் விதி, நான் என்ன வீட்டிலிருந்தா மதிப்பெண் கொண்டுவர முடியும் என்று.

"அக்கா, அவ பேப்பரப் பாத்தேன்" என்றாள்.

"ம்."

"மூணு மாசம் ஸ்கூலுக்கே போகாத பொண்ணு. நானும் இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கணும்." அதோடு நிறுத்திக்கொண்டு, "காங்கிராஜுலேஷன்ஸ் அக்கா. உங்க பசங்க நல்லா பண்ணாங்க" என்றாள்.

எடுத்து வைத்த பதில் வீணாய்ப்போயிற்று. நோட்டீஸ் போர்டுக்குக் கீழே அந்தப் பெண் தன் எண்ணின் மேல் விரலை வைத்து, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் நிறுத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யார்டு சட்டையோடு அப்பா. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் இடம் என்று பழகியவர்.

மறுநாள் என் வகுப்பின் மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்ற உட்கார்ந்தேன். கைதட்டலின் சூடு இன்னும் ஆறவில்லை. கணக்குப் பத்தியில் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தபோது ஒரு முப்பத்து மூன்று வந்தது. கொஞ்சம் கீழே இன்னொன்று. பக்கத்தின் அடியில் மூன்றாவது. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, மூன்று பிள்ளைகள் தற்செயலாக ஒரே எண்ணில் வந்து நிற்கமாட்டார்கள் என்பது தெரியும். அலமாரியைத் திறந்து என் பிள்ளைகளின் தாள்களை எடுத்தேன்.

மூன்றிலும் அவளுடைய கோழிக் கையெழுத்து. ஒன்றில் முப்பத்து இரண்டு, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இன்னொன்றில் முப்பத்து ஒன்று, இரண்டு கூட்டல் குறிகள். மூன்றாவது இருபத்தொன்பது. நாலு மதிப்பெண்ணுக்காக அவள் அந்தத் தாளில் போகாத இடமில்லை. அரை, அரை, ஒன்று என்று பொறுக்கிச் சேர்த்திருந்தாள். ஓர் இடத்தில் பிள்ளை அடித்துவிட்ட விடைக்குக்கூட அரை போட்டிருந்தாள். அசெம்பிளியில் எனக்குக் கிடைத்த கைதட்டலை இந்த மூன்று தாள்களில் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது அவள்.

வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வெட்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம். இதிலும் அவள்தானா என்ற கோபம். சிரிப்பில், வங்காளத்தில், பிள்ளைகளின் வயிற்றுவலியில், எல்லாவற்றிலும் என்னை மிஞ்சியவள், நான் ஒரே ஒரு தடவை ஜெயித்த இடத்திலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். தாள்களை அலமாரியில் திணித்துக் கதவை அறைந்து சாத்தினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வரலாற்று ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

ஏப்ரல் கடைசியில் அவளுடைய அம்மா கரக்பூரில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவள் ஒரு மாதம் லீவு எழுதிவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. அந்தப் பொண்ணுக்கு மே கடைசியில மறுதேர்வு. லீவுல ஸ்பெஷல் க்ளாஸ் எடுக்கணும். நான் எடுக்கறதாதான் இருந்தேன். இப்ப..."

"நான் எடுக்கறேன்" என்றேன். அவள் முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. பரிகாரம் தேடிக்கொள்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. உண்மையில் என் கணக்கு வேறு. ஒரு மாதம் அந்தப் பெண் என் கையில் இருப்பாள். நான் நன்றாகச் சொல்லிக் கொடுப்பேன். அவள் அறுபது, எழுபது வாங்குவாள். அவளுடைய மிஸ் திரும்பி வரும்போது, தலைப்பைப் பிடிக்கும் அந்தக் கை என்னைப் பிடித்திருக்கும். பி பிரிவுப் பிள்ளைகளில் ஒன்றையாவது என் பக்கம் இழுத்துவிட வேண்டும்.

மே மாதம் காலிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்தோம். ஃபேன் சுற்றுகிற சத்தமும், எப்போதாவது ஆற்றிலிருந்து கப்பலின் ஊதலும்தான் துணை. அந்தப் பெண் நேரத்துக்கு வருவாள். இரண்டு பக்கமும் சீவிய பென்சிலை வைத்துக்கொண்டு நேராக உட்காருவாள். சொன்னதைச் செய்வாள். ஒவ்வொரு நாளும் போகும்போது வாசலில் நின்று, "மிஸ் எப்போ வருவாங்க?" என்று ஹிந்தியில் கேட்பாள். எதிரே நிற்கும் நான் மிஸ் இல்லை போலிருக்கிறது. இரண்டாவது வாரம் ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தேன். முகம் மலர்ந்துபோயிற்று. "இதை மிஸ்கிட்ட காட்டணும்" என்றாள்.

வகுத்தல் மட்டும் ஏறவேயில்லை. புத்தகத்தில் இருக்கிறபடி, கீழே கீழே எழுதிக் கழித்து, பக்கத்து எண்ணை இறக்கி, நான் எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் நடுவில் எங்கேயோ வழி தவறிவிடுவாள். ஒரு நாள் எழுநூற்று ஐம்பத்தாறைப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னேன். நோட்டின் பின்பக்கத்தில் குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னப் பெட்டிகள், கீழே இரண்டு இரண்டு சக்கரங்கள்.

"என்ன இது?"

"வேகன், மிஸ்."

பயந்துகொண்டே சொன்னாள். அவள் அப்பாவுக்கு யார்டில் வேகன்களைக் கோத்து ரயிலாகச் சேர்க்கிற வேலை. எழுநூற்று ஐம்பத்தாறு வேகன் நிற்கிறது. ஒரு ரயிலுக்குப் பன்னிரண்டு. முதலில் ஐம்பது ரயிலை அனுப்பிவிட்டால் அறுநூறு போய்விடும். மிச்சம் நூற்று ஐம்பத்தாறு. இன்னும் பத்து ரயில் போனால் முப்பத்தாறு மிச்சம். அதற்கு மூன்று ரயில். "அறுபத்து மூணு" என்றாள்.

சரியான விடை. நான் நாலு வாரமாகப் போட்டு உடைத்துக்கொண்டிருந்ததை அவள் தானே, தன் வழியில் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எம்.எஸ்ஸி. படித்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? தட்டிக் கொடுத்திருக்க வேண்டும். "பரீட்சையில இப்படியெல்லாம் படம் போடக் கூடாது. புக்ல இருக்கற மாதிரி எழுது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினாள். நான் சொல்லிக் கொடுத்து வராதது தானாக வந்துவிட்டதே என்று ஒரு குத்தல். பொறாமைக்குப் பெரியவர், சின்னவர் என்று கிடையாது போலிருக்கிறது.

மறுதேர்வு நடந்தது. அதுவும் மண்டலத் தாள்தான், இன்னும் கொஞ்சம் கடினமானது. முதலில் திருத்தியவரே திருத்த வேண்டும் என்று விதி, அதனால் தாள் எனக்கே வந்தது. அறுபது, எழுபது என்று நான் கட்டிய கோட்டை இரண்டாவது பக்கத்திலேயே சரிந்தது. பின்னங்களில் பாதி தப்பு. நேர அளவில் முழுசும் தப்பு. ஆனால் வகுத்தல் மூன்றும் சரி. ஓரத்தில், ரஃப் வேலைக்கு விட்ட இடத்தில், சக்கரம் வைத்த பெட்டிகள். மேலே எழுதியதோ நான் சொன்னபடி புத்தக முறை. இரண்டு வேலை செய்திருந்தாள்.

கூட்டினேன். முப்பத்து மூன்று.

நம்ப முடியவில்லை. மறுபடி கூட்டினேன். பென்சிலால் தனிக் காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். எங்கேயாவது கை தவறி ஒன்று கூடப் போட்டுவிட்டேனா என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். இல்லை. இரண்டு இடங்களில் படிக்கு மதிப்பெண் தரலாமா, வேண்டாமா என்று தோன்றி, தராமலே விட்டிருந்தேன். அந்த முப்பத்து மூன்றில் அரை மதிப்பெண்கூட நான் போட்டது கிடையாது. எல்லாம் அவள் எழுதி வாங்கியது.

முடிவு சொல்லும் நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாளைக் காட்டினேன். அவள் ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் வாய்க்குள் கூட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து விரல்களை மடக்கி முடித்து, என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் என்னோடதா, மிஸ்?"

"எல்லாம் உன்னோடது" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவள் தாளின் முதல் பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் திரும்பி, மதிப்பெண்ணை ஹிந்தியில் சொன்னாள்: "பாபா, தைந்தீஸ்." அவர் தலையில் கட்டியிருந்த கம்ச்சாத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுடைய மிஸ் உள்ளே வந்தாள். கரக்பூரிலிருந்து காலை ரயிலில் வந்து, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே வந்திருந்தாள். ஒரு மாதத்தில் இளைத்திருந்தாள். மேஜையில் இருந்த தாளை எடுத்தாள். முதல் பக்கத்து எண்ணைப் பார்த்தாள். உள்ளே புரட்டவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள். "மொத தடவ நான் அந்தப் பேப்பரப் பாத்தப்பவே பாத்தேன். வகுத்தல்ல ஒண்ணு, ஏரியால ஒண்ணு. ரெண்டு எடம் இருந்துச்சு. நீங்க போடல. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா உங்ககிட்ட கேக்கல." கையை இன்னும் இறுக்கினாள். "இந்தத் தடவயும் நீங்க போட மாட்டீங்கன்னுதான் நெனச்சிட்டு வந்தேன். போட்டுட்டீங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அசெம்பிளியில் அப்படித் தட்டியிருக்கிறாள். நான் போடவில்லை, நீயே புரட்டிப் பார், அரை மதிப்பெண்கூட என்னுடையது இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். பத்து வருஷமாக அவள் எல்லோரையும் பார்த்த பார்வை அது. அன்றுதான் முதல் தடவை என்னை அப்படிப் பார்த்தாள். என் கை அவள் கைகளுக்குள் இருந்தது. கை சூடாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி ஹிந்தியில் சொன்னாள்: "மிஸ்ஸுக்குத் தேங்க் யூ சொல்லு. மிஸ்தான் உன்னைப் பாஸ் பண்ணிவிட்டாங்க."

அந்தப் பெண்ணின் உள்ளங்கை தாளின் மேலேயே இருந்தது. அவள் தன் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சற்று முன் என்ன சொன்னேனோ அதை இப்போது எல்லோர் எதிரிலும் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் தாளின் மேலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"தேங்க் யூ, மிஸ்" என்றாள்.

"நல்லாப் படி" என்றேன்.